கைபேசியில் சுடும் பிள்ளைகள்: கேட்க வேண்டியவர் யார்?

2019-ம் ஆண்டு ஜனவரி மாதம் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் ஒரு பொதுநல மனு தாக்கலாயிற்று. யாருக்காக அந்த மனு தாக்கலாயிற்றோ, அந்தச் சிறுவனுக்கு வயது 11. தன் தாயார் மூலமாக நீதிமன்றத்தை அணுகியிருந்தான். "பப்ஜி" என்ற செல்போன் விளையாட்டு வன்முறையையும் மூர்க்கத்தையும் வளர்க்கிறது. அதைத் தடை செய்ய வேண்டும் என்பது கோரிக்கை. அந்த விளையாட்டைப் பரிசீலிக்கும்படி ஏப்ரல் மாதத்தில் நீதிமன்றம் மத்திய அரசிடம் கூறியது.

அதே ஜனவரிக் கடைசியில் டில்லியில் பிரதமர் நரேந்திர மோடி மாணவர்களையும் பெற்றோர்களையும் சந்தித்தார். தன் மகன் ஆன்லைன் விளையாட்டே கதி என்று இருப்பதாக ஒரு தாய் முறையிட்டார். "பப்ஜிக்காரனா?" என்று பிரதமர் கேட்டதும் அரங்கம் முழுவதும் சிரிப்பொலி எழுந்தது. சிரித்தவர்களில் எத்தனை பேர் வீட்டுக்குப் போய்ப் பிள்ளையின் செல்போனை வாங்கிப் பார்த்தார்களோ!

மகன் கோர்ட்டுக்குப் போகிறான். தாய் பிரதமரிடம் போகிறாள். இரண்டு இடத்திலும் கேட்டது ஒன்றையேதான்: "எங்களால் முடியவில்லை, நீங்கள் நிறுத்துங்கள்." தாராவியிலும், சயான் கோலிவாடாவிலும், ஆன்டாப் ஹில்லிலும் இருக்கிற நம்மவர் வீடுகளில் இந்தக் குரல் இன்றும் கேட்கிறது. அரசாங்கம் நிறுத்தியும் பார்த்தது. என்ன ஆயிற்று என்பதைப் பின்னால் பார்க்கலாம்.

விளையாட்டு எப்படி?

பிள்ளையைத் திட்டுகிற தகப்பன்மார்களில் பலர் அந்த விளையாட்டை ஒரு தடவைகூடப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தது கிடையாது. அவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒரு விமானத்தில் 100 பேர். ஒரு தீவின் மேல் பாரசூட் கட்டிக் குதிக்கிறார்கள். குதிக்கும்போது கையில் ஒன்றும் கிடையாது. காலி வீடுகளுக்குள் புகுந்து துப்பாக்கி, தோட்டா, தலைக்கவசம், மருந்துப் பெட்டி எல்லாம் பொறுக்கிக்கொள்ள வேண்டும். பிறகு ஒருவரையொருவர் சுட வேண்டியதுதான். நேரம் ஆக ஆக நடமாடுகிற வட்டம் சுருங்கிக்கொண்டே வரும். ஒளிந்து கிடந்தால் பிழைக்க முடியாது. கடைசியில் உயிரோடு நிற்பவர், அல்லது அவருடைய நால்வர் அணி வெற்றி பெறும். ஓர் ஆட்டம் முடிய ஏறக்குறைய அரை மணி நேரம். எதிரே வருபவர்களில் கம்ப்யூட்டர் ஆட்டுவிக்கும் பொம்மைகளும் உண்டு. எந்த ஊரிலோ உட்கார்ந்து ஆடுகிற நிஜ மனிதர்களும் உண்டு. அவர்களோடு காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு பேசலாம். பையன் எங்கிருந்து இந்தி வசவுகளைக் கற்றான் என்று வியக்கிற தாய்மார்களுக்கு இதில் விடை இருக்கிறது.

"ஃப்ரீ ஃபயர்" என்பது இதன் தம்பி மாதிரி. 50 பேர், பத்து நிமிடம். குறைந்த விலை செல்போனிலும் ஓடும். ஆகவே சந்துகளில் அதற்குத்தான் கூட்டம் அதிகம்.

பப்ஜியை உருவாக்கியவர் பிரெண்டன் கிரீன் என்ற அயர்லாந்துக்காரர். அந்தத் தீவின் பெயரைத் தன் மகளின் பெயரை ஒட்டித்தான் வைத்தார். பிள்ளை மேல் பிரியமுள்ள தகப்பன்தான் அவரும்!

கொலைகாரன் ஆகிவிடுவானா?

பெற்றோர்களின் முதல் பயம் இதுதான். நாள் முழுக்கச் சுட்டுக்கொண்டிருக்கிறவன் நாளைக்கு நிஜத்தில் கத்தியை எடுக்க மாட்டானா?

இந்தக் கேள்வி புதிதல்ல. 1992-ல் "மார்ட்டல் காம்பட்" என்ற சண்டை விளையாட்டு வந்தபோது அமெரிக்காவில் பெரிய கூச்சல் எழுந்தது. 1993 டிசம்பரில் செனட் சபையிலேயே விசாரணை நடந்தது. அதன் விளைவாக, எந்த விளையாட்டு எந்த வயதுக்கு என்று முத்திரை குத்தும் அமைப்பை 1994-ல் அந்தத் தொழில்காரர்களே ஏற்படுத்திக்கொண்டார்கள். வன்முறை விளையாட்டுகளைச் சிறுவர்களுக்கு விற்கக்கூடாது என்று கலிபோர்னியா மாநிலம் 2005-ல் சட்டம் போட்டது. 2011-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட் அந்தச் சட்டத்தை ரத்து செய்துவிட்டது. 7 நீதிபதிகள் ஒரு பக்கம், 2 பேர் மறு பக்கம்.

ஆராய்ச்சிக்காரர்கள் என்ன சொல்கிறார்கள்? வன்முறை விளையாட்டுக்கும், கத்துவது, தள்ளுவது போன்ற முரட்டுத்தனத்துக்கும் சிறு தொடர்பு இருக்கிறது என்று அமெரிக்க உளவியல் சங்கம் 2015-லும் 2020-லும் கூறியது. ஆனால் கொலை, துப்பாக்கிச் சூடு போன்ற பெரிய குற்றங்களுக்கு இந்த விளையாட்டுகளைக் காரணமாகக் காட்டுவது விஞ்ஞானப்படி சரியல்ல என்றும் அதே சங்கம் சொல்லியிருக்கிறது. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தார் 2019-ல் வெளியிட்ட ஆய்வில், 14, 15 வயது பிரிட்டிஷ் பிள்ளைகளிடம் அந்தச் சிறு தொடர்பும் காணப்படவில்லை.

ஆகவே, பையன் கொலைகாரன் ஆகிவிடுவான் என்று தாய் நடுங்க வேண்டியதில்லை. இன்று நாற்பதைத் தாண்டிய தகப்பன்மார்கள் பலர் தங்கள் சிறு வயதில் வீடியோ கேம் பார்லரில் நாணயம் போட்டுச் சுட்டவர்கள்தாம், "கான்ட்ரா" ஆடியவர்கள்தாம். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கிற தமிழ்ப் படத்தில் அரிவாள் வீச்சுக்குப் பஞ்சமா என்ன? படத்துக்காவது தணிக்கைச் சான்றிதழ் இருக்கிறது. "ஏ" படத்துக்குச் சிறுவனை உள்ளே விடக்கூடாது என்பது சட்டம். 2023-ல் சட்டத்தைத் திருத்தி 7, 13, 16 வயது என்று மேலும் பிரித்திருக்கிறார்கள். செல்போன் விளையாட்டுக்கு வாசலில் டிக்கெட் கிழிப்பவர் யாரும் இல்லை. வயது எவ்வளவு என்று கேட்கும்; பையன் ஓர் எண்ணைத் தட்டுவான்; கதவு திறந்துவிடும்.

கெடுவது எது?

பயம் ஒரு பக்கம் இருக்க, கேடு வேறு பக்கத்தில் நடக்கிறது. முதலில் கெடுவது தூக்கம். இரவு பதினொரு மணிக்கு ஆரம்பித்தால் "இன்னும் ஒரே ஆட்டம்" என்று ஒன்றரை மணி ஆகிவிடும். காலை ஏழு மணிப் பள்ளிக்கூடத்தில் பையன் பெஞ்சில் தூங்குவான்.

உலக சுகாதார நிறுவனம் 2019 மே மாதம் ஏற்றுக்கொண்ட நோய்ப் பட்டியலில் "விளையாட்டுக் கோளாறு" என்பதும் இடம் பெற்றது. 2022 ஜனவரி முதல் அந்தப் பட்டியல் நடைமுறையில் இருக்கிறது. அதில் சுடுவது பற்றியோ ரத்தம் பற்றியோ பேச்சே இல்லை. ஆட்டத்தை நிறுத்த முடியாமை, மற்றெல்லாவற்றையும்விட ஆட்டமே பெரிதாகிவிடுவது, கெடுதல் வந்த பிறகும் தொடர்வது - இவைதாம் அடையாளங்கள். சாதாரணமாக 12 மாதமாவது இந்த நிலை நீடித்திருக்க வேண்டும் என்றும் நிபந்தனை. லீவு நாளில் நான்கு மணி நேரம் ஆடியவனையெல்லாம் நோயாளி என்று சொல்லக்கூடாது.

கவனம் போவதால் உயிரும் போயிருக்கிறது. 2019 மார்ச்சில் நம் மகாராஷ்டிர மாநிலம் ஹிங்கோலியில், தண்டவாளத்தின் அருகே பப்ஜியில் மூழ்கியிருந்த இரண்டு இளைஞர்கள் ரயில் மோதி இறந்தார்கள். இருவரும் இருபது வயதைத் தாண்டியவர்கள்.

அடுத்தது பணம். விளையாட்டு இலவசம். ஆனால் சட்டை, தொப்பி, துப்பாக்கிக்கு வர்ணம் எல்லாம் காசு. இவற்றை வாங்கினால் ஆட்டத்தில் பெரிய லாபம் கிடையாது. கூட்டாளிகள் முன்னால் கௌரவம்! 2020 ஜூலையில் பஞ்சாபில் 17 வயதுப் பையன் ஒருவன் பெற்றோரின் கணக்கிலிருந்து 16 லட்சம் ரூபாயை இப்படிச் செலவழித்துவிட்டான். வைத்தியத்துக்கென்று வைத்திருந்த பணமும் அதில் அடக்கம். மும்பையில் 2021 ஆகஸ்டில் 16 வயதுப் பையன் தாயாரின் கணக்கிலிருந்து 10 லட்சம் ரூபாயைத் தீர்த்தான். விஷயம் தெரிந்து பெற்றோர் கண்டித்ததும், கடிதம் எழுதி வைத்துவிட்டு வீட்டை விட்டே போய்விட்டான். அந்தேரியில் மகாகாளி குகைப் பக்கம் போலீசார் கண்டுபிடித்து, புத்தி சொல்லி வீட்டில் சேர்த்தார்கள்.

பத்து லட்சம் ஒரே நாளில் போயிருக்காது. கணக்கிலிருந்து பணம் போகும்போதெல்லாம் செல்போனுக்குச் செய்தி வரும். அந்தச் செல்போன் யார் கையில் இருந்தது என்பதுதான் கேள்வி.

வீட்டுக் குமாஸ்தா

இங்கேதான் மும்பைத் தமிழர் வீட்டு நிலைமையைச் சற்று நின்று பார்க்க வேண்டும்.

தாராவி 90 அடி சாலைக்குப் பின்னால் ஒரு சந்து. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, மேலே ஒரு பரண். தகப்பனார் நெல்லை மாவட்டத்துக்காரர். தோல் பை தைக்கிற பட்டறையில் வேலை. ஆர்டர் நெருக்கும்போது இரவும் அங்கேயே. தாய் மாட்டுங்காவில் நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்க்கிறார். மகன் ஒன்பதாம் வகுப்பு. 2020-ல் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டு செல்போனில் பாடம் நடந்தபோது, சீட்டுப் பணம் எடுத்து அவனுக்காகவே ஒரு செல்போன் வாங்கினார்கள். பள்ளிக்கூடம் திறந்தது. செல்போன் அவன் கையிலேயே தங்கிவிட்டது.

அதைத் திருப்பி வாங்க ஏன் முடியவில்லை? தாயாரே சொல்கிறார்:

"கரண்ட் பில்லு அவன்தான் கெட்டுதான். ரேசன் கார்டுக்கு, ஆதாருக்கு, கேசு புக் பண்ண எல்லாத்துக்கும் அவன்தான். ஊருக்கு அவுக அம்மாவுக்குப் பணம் அனுப்புததும் அவன்தான். எனக்கு இந்தி வாசிக்கத் தெரியுமா, இங்கிலீசு வாசிக்கத் தெரியுமா? அவனைப் போயி என்னன்னு கேக்க?"

ஊரில் தகப்பனுக்குத் தெரிந்தது பிள்ளைக்குத் தெரியாது. ஆகவே பிள்ளை பயந்தான். இங்கே பிள்ளைக்குத் தெரிந்தது தகப்பனுக்குத் தெரியவில்லை. பேங்க் செய்தியை வாசிப்பவன் அவன். ரகசிய எண் அவனுக்குத் தெரியும், பல வீடுகளில் அதை அமைத்துக் கொடுத்ததே அவன்தான். பள்ளிக்கூடத்திலிருந்து புகார் வந்தாலும் அதை வாசித்துப் பொருள் சொல்பவனும் அவனே! வீட்டுக்குச் சம்பளமில்லாத குமாஸ்தா. குமாஸ்தாவைக் கோபித்துக்கொண்டால் ஆபீஸ் நடக்குமா என்று பெரியவர்கள் வாயை மூடிக்கொள்கிறார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. பையன் வெளியே போனால் சந்தில் கெட்ட சகவாசம், ரோட்டில் லாரி. ஆட மைதானம் எங்கே? "வீட்டுக்குள்ளேயாவது கிடக்கிறானே" என்று தாய் நிம்மதிப்படுகிறார். இரவு பட்டறையிலிருந்து வருகிற தகப்பனுக்கும் அந்த நிம்மதி வேண்டியிருக்கிறது. இதைக் குற்றம் என்று சொல்ல எவருக்கும் மனம் வராது. ஆனால் அந்த நிம்மதிக்கு விலை இருக்கிறது.

டோம்பிவிலி, கல்யாண், முலுண்ட் பக்கம் பிளாட்டில் இருக்கிற ஆபீஸ்காரர்களின் வீட்டில் கதை வேறு. காலை ஏழே கால் லோக்கலைப் பிடித்துப் போகிற கணவனும் மனைவியும் இரவு ஒன்பதுக்குத் திரும்புகிறார்கள். இங்கிலீஷ் தெரியும், பேங்க் கணக்குத் தெரியும். ஆனால் மகனுக்குத் தனி அறை, கதவு சாத்தியிருக்கும். படிக்கிறான் என்று நினைத்துக்கொள்வார்கள்.

தடை வந்தது, போனது

இனி அரசாங்கத்தின் கதை. ராஜ்கோட் போலீசார் 2019 மார்ச்சில் நகரத்துக்குள் பப்ஜி ஆடக்கூடாது என்று உத்தரவு போட்டு, கல்லூரி மாணவர்கள் உள்படச் சிலரைக் கைது செய்து ஜாமீனில் விட்டார்கள். 2020 செப்டம்பர் 2-ந் தேதி மத்திய அரசு 118 செயலிகளுக்குத் தடை விதித்தபோது பப்ஜியும் அதில் ஒன்று. பல வீடுகளில் தாய்மார்கள் மகிழ்ந்தார்கள். ஆனால் தடைக்குச் சொன்ன காரணத்தில் பிள்ளைகள் இல்லை. நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு ஆகியவையே காரணம். 2021 ஜூலையில் அதே விளையாட்டு, பெயரில் "இந்தியா"வைச் சேர்த்துக்கொண்டு திரும்பி வந்தது. 2022 ஜூலையில் அதுவும் நீக்கப்பட்டது. 2023 மே மாதம் மறுபடி வந்தது. ஃப்ரீ ஃபயர் 2022 பிப்ரவரியில் தடை செய்யப்பட்டபோது, "மேக்ஸ்" என்று பின்னொட்டு போட்ட அதன் மறுபதிப்பு கடையிலேயே இருந்தது. பிள்ளைகள் அதற்கு மாறிக்கொள்ள ஒரு சாயங்காலம் போதுமானதாக இருந்தது.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டம், பணம் கட்டி ஆடும் ஆட்டங்களைத் தடை செய்கிறது. பந்தயப் பணம் இல்லாத துப்பாக்கி விளையாட்டு அந்தத் தடைக்குள் வராது.

2021-ல் திரும்பி வந்த கம்பெனி தானே சில கட்டுப்பாடுகளை அறிவித்தது. 18 வயதுக்குக் கீழே என்றால் நாளுக்கு 3 மணி நேரம்; நாளுக்கு 7,000 ரூபாய்க்கு மேல் செலவழிக்க முடியாது; பெற்றோரின் போன் எண்ணுக்கு வரும் ரகசிய எண்ணைக் கொடுக்க வேண்டும். நாளுக்கு ஏழாயிரம்! மாட்டுங்காவில் பாத்திரம் தேய்க்கிற தாய்க்கு அது எத்தனை நாள் கூலி? பெற்றோரின் போன் பிள்ளையின் கையில் இருக்கிறபோது அந்த ரகசிய எண்ணும் பிள்ளைக்கேதான் வரும்.

சீனாவில் 2021 செப்டம்பரிலிருந்து சிறுவர்கள் வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் இரவு 8 மணி முதல் 9 மணி வரை மட்டுமே ஆடலாம் என்று விதி. அங்கேயும் தாத்தா, பாட்டி பெயரில் கணக்கு வைத்து ஆடுகிற பிள்ளைகள் உண்டு.

என்ன செய்கிறார்கள்?

செல்போனைப் பிடுங்கித் தரையில் அடிக்கிற தகப்பன்மார்களும் இருக்கிறார்கள். ஆத்திரம் தீரும், வேறொன்றும் தீராது. அந்த மும்பைப் பையன் வீட்டை விட்டுப் போனது திட்டு வாங்கிய பிறகுதான் என்பதை மறக்கக்கூடாது. பல மாதம் கேள்வி கேட்காமல் இருந்துவிட்டு ஒரே நாளில் கையை ஓங்கினால், பையனுக்கு அது நியாயமாகவே தெரியாது.

நிதானமாகச் சமாளித்தவர்களும் உண்டு. சயான் கோலிவாடாவில் ஒரு தாய், மகன் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு ஆட்டத்தை முழுக்கப் பார்த்தார். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டதும் பையன் ஏன் எரிந்து விழுகிறான் என்பது அப்போதுதான் புரிந்தது. நடு ஆட்டத்தில் எழுந்தால் கூட இருக்கிற மூவரும் தோற்பார்கள். அவர்கள் நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் கேட்பார்கள். அதன்பின் அவர் "பத்து நிமிஷத்தில் வை" என்று சொல்வதை விட்டுவிட்டு, "இரண்டு ஆட்டம், அப்புறம் சாப்பாடு" என்று கணக்கை மாற்றிவிட்டார். சண்டை அறவே நின்றுவிட்டது என்றில்லை. வாரத்துக்கு ஒன்றாகக் குறைந்திருக்கிறது. இரவு பத்து மணிக்கு எல்லாச் செல்போனும், தகப்பனாருடையது உள்பட, சாமி படத்துக்குக் கீழே போய்விட வேண்டும் என்பது அந்த வீட்டு விதி. தகப்பனாருக்குத்தான் அது அதிக கஷ்டமாக இருந்ததாம்!

பண விஷயத்தில் செய்ய வேண்டியவை சுலபம். ரகசிய எண்ணைப் பெரியவர்களே மாற்ற வேண்டும். பட்டறையிலோ ஆபீசிலோ தெரிந்தவர் ஒருவர் உதவினால் ஐந்து நிமிட வேலை. மாற்றிய பிறகு பில் கட்டும்போது பையன் எல்லாவற்றையும் தட்டட்டும். கடைசி எண்ணைத் தாயோ தகப்பனோ தட்டட்டும். எழுதப் படிக்கத் தெரியாவிட்டாலும் எண் தெரியாதவர் உண்டா? பிளே ஸ்டோரில், வாங்கும் ஒவ்வொரு முறையும் பாஸ்வேர்டு கேட்கும்படி அமைக்கலாம். தெரியாமல் வாங்கிவிட்டால் 48 மணி நேரத்துக்குள் பணத்தைத் திருப்பிக் கேட்க அங்கேயே வழி இருக்கிறது. "ஃபேமிலி லிங்க்" என்ற கூகுள் செயலியைத் தகப்பனார் தன் செல்போனில் வைத்துக்கொண்டால், பிள்ளையின் செல்போனுக்கு நேரக் கட்டுப்பாடு போடலாம்; புதுச் செயலி எது இறக்கினாலும் அனுமதி கேட்கும். ஆனால் அதற்குப் பிள்ளையின் செல்போனில் பிள்ளையின் உண்மையான வயதில் கணக்கு இருக்க வேண்டும். தகப்பன் பேரில் கணக்கு இருந்தால், கூகுளுக்கு அவன் நாற்பத்தைந்து வயது ஆள்!

இவற்றை மீறியும், பள்ளிக்கூடம் போக மறுப்பது, சாப்பாடு தூக்கம் விட்டுப்போவது, செல்போனை வாங்கினால் தன்னைத் தானே ஏதாவது செய்துகொள்வேன் என்று மிரட்டுவது என்ற நிலைக்கு வந்துவிட்ட பிள்ளைகள் உண்டு. இந்த மிரட்டலை வெறும் நாடகம் என்று ஒதுக்கிவிடக்கூடாது. வைத்தியரிடம் காட்ட வேண்டும். பெங்களூர் நிம்ஹான்ஸ் ஆஸ்பத்திரியில் செல்போன், இன்டர்நெட் பழக்கத்துக்கென்றே 2014 முதல் தனிப் பிரிவு நடக்கிறது. அவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்கு மத்திய அரசின் "டெலி மானஸ்" மனநல உதவி எண் 2022 அக்டோபர் 10-ந் தேதி தொடங்கப்பட்டது. எண் 14416. இரவு பகல் எந்நேரமும் பேசலாம், கட்டணம் கிடையாது. 20 மொழிகளில் ஆலோசனை சொல்கிறார்கள். அவற்றில் தமிழும் ஒன்று. மகனைத் துணைக்கு வைத்துக்கொள்ளாமலே தாய் பேசலாம்.